மணிவிழாவும் மனையறமும்

(மூத்த இணையர் வழிபாட்டு நாளன்று திருக்கோயில் மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

திருச்சிற்றம்பலம்.

இவ்வவையில் முன்வரிசையில் மாலையணிந்து வீற்றிருக்கும் மூத்த இணையர்களே! 60 ஆண்டு நிறைந்தோரும், 70 நிறைந்தோரும், 80 கண்டோரும் தத்தம் மக்களோடும் பேரப் பிள்ளைகளோடும் இன்று இங்குக் கூடியிருக்கின்றீர்கள். எனக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கியுள்ளனர். முன்வரிசையில் இருப்போர் பலர்க்கு முழங்கால் வலி உண்டு என்பதை யான் அறிவேன். எனக்கும் அஃது உண்டு. ஆதலின் சுற்றி வளையாது பொருளுக்கு வருகின்றேன்.

நம் நாட்டில் மணவாழ்வின் நீட்சியைக் கொண்டாடுவதற்கு என ஏற்பட்ட சடங்குகள் யாவும் ஆண்டு எண்ணிக்கையை எங்கிருந்து தொடங்குகின்றன என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். திருமண நாளிலிருந்து தொடங்குவதில்லை. கணவனுடைய பிறந்த நாளிலிருந்து தொடங்குகின்றன. 60 நிறைந்தால் மணிவிழா. இதனை வடமொழியார் சஷ்டியப்த பூர்த்தி என்பர். 70 நிறைந்தால் பீமரத சாந்தி. 80 கடந்தால் சதாபிஷேகம். வெள்ளி விழா, பொன் விழா என்று மணநாளை எண்ணிக் கொண்டாடுதல் மேலை நாட்டார் வழியாக வந்த வழக்கம். வந்ததில் தீங்கு ஒன்றும் இல்லை. ஆயினும் நம் வழக்கின் கணக்கு வேறு என்பதை அறிந்துகொள்ளுதல் நன்று.

60 என்னும் எண்ணுக்குக் காரணம் வானத்தில் இருக்கிறது. வியாழன் ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகள். சனிக்கோள் சுற்றிவர ஏறத்தாழ 30 ஆண்டுகள். இவ்விரண்டும் ஒருவன் பிறந்த காலத்தில் நின்ற நிலைக்கு ஏறக்குறைய ஒருசேர மீளுவதற்கு 60 ஆண்டுகள் ஆகின்றன. பிரபவ முதல் அட்சய வரையுள்ள 60 ஆண்டுப் பெயர்களும் ஒரு சுற்று முடிந்து, பிறந்த ஆண்டின் பெயரே மறுபடியும் வருகின்றது. சதாபிஷேகத்திற்குத் திங்கள் காரணம். நிறைமதிக்கும் அடுத்த நிறைமதிக்கும் இடையே ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். அவ்வாறு 1000 நிறைமதி காண 80 ஆண்டும் ஏறத்தாழ 10 திங்களும் வேண்டும். ஆயிரம் பிறை கண்டவர் என்று முதியோரைப் போற்றுவது வெறும் புகழ்மொழி அன்று. பெருக்கிப் பார்த்தால் கணக்குச் சரியாகவே வருகின்றது.

இக்கணக்கில் எனக்கு நெடுநாளாக ஒரு குறை தோன்றுவதுண்டு. மனைவியின் வயதுக்கென்று தனியே ஒரு சடங்கும் இல்லை. அவள் அருகில் அமராமல் கணவனுக்கு மணிவிழா இல்லை. ஆனால் அவளுடைய 60 எந்நாளில் நிறைந்தது என்று வீட்டில் கேட்டால் பலர்க்கும் விடை தெரியாது. சில குடும்பங்களில் இப்பொழுது அன்னையின் 60 நிறையும் நாளில் கோயிலுக்கு அழைத்துச் சென்று அவர் பெயரால் அருச்சனை செய்து, அவர் விரும்பிய உணவைச் சமைத்துப் பிள்ளைகளே பரிமாறுகின்றார்கள். நூலில் இல்லை என்று இதனை யாரும் தடுக்க வேண்டா. யான் இதனை உளமார வரவேற்கின்றேன்.

இனிச் சடங்கின் நடுப்பகுதியாகிய நீராட்டுக்கு வருவோம். கலசங்களில் நீர் நிறைத்து, மந்திரம் ஓதி, அந்நீரைக் கணவன் மனைவி இருவர் தலையிலும் மக்களும் உறவினரும் சொரிகின்றார்கள். இஃது இடைக்காலத்தில் தோன்றிய வழக்கம் என்று எண்ணுவோர் அகநானூற்றின் 86ஆம் பாட்டை எடுத்துப் பார்த்தல் வேண்டும். நல்லாவூர் கிழார் என்னும் புலவர் அதில் ஒரு திருமணத்தைக் காட்டுகின்றார். பந்தரின்கீழ் மணல் பரப்பியிருக்கின்றார்கள். விளக்கு ஏற்றியிருக்கின்றார்கள். உழுத்தம்பருப்புக் கலந்த உணவு உண்போர்க்கு இடையறாது வழங்கப்படுகின்றது. விடியற்காலையில் நல்ல நாள் கூடியபொழுது, மகப்பெற்ற மங்கல மகளிர் நால்வர் கூடி, பூவும் நெல்லும் இட்ட நீரை மணமகளின் கூந்தலில் சொரிந்து, கொண்டவன் விரும்பிப் பேணும் துணையாக விளங்குக என வாழ்த்துகின்றார்கள். அங்கே மூத்தோர் இளையோர்க்கு நீர் சொரிகின்றார்கள். மணிவிழாவிலோ இளையோர் மூத்தோர்க்குச் சொரிகின்றார்கள். அங்கே மணமகள் மட்டும் நனைகின்றாள். இங்கே இருவரும் நனைகின்றார்கள். இவ்விரண்டு வேறுபாட்டையும் யான் பலமுறை எண்ணி எண்ணி மகிழ்ந்ததுண்டு.

தமிழிலக்கணம் முதியோர் இல்லறத்தைக் கூறாமல் விடவில்லை. காதலைப் பற்றிய இலக்கணம் என்றால் இளையோர் களவும் கற்பும் மட்டுமே என்று எண்ணுவர் சிலர். தொல்காப்பியர் பொருளதிகாரத்துக் கற்பியலின் இறுதிப் பகுதியில் ஒரு நூற்பா வைத்தார். இன்பம் துய்த்து நிறைந்த கடைக்காலத்திலே, காவலாய் நிற்கும் மக்களோடு சேர்ந்து, அறத்தை விரும்பும் சுற்றத்தோடு கூடித் தலைவனும் தலைவியும் சிறந்தது எதுவோ அதனைப் பயிலுதலே இதுவரை வாழ்ந்த வாழ்வின் பயன் என்பது அதன் கருத்து. ஈண்டு, நூற்பாவில் தலைவன் என்றும் தலைவி என்றும் இருவரையும் சேர்த்தே கூறியிருத்தலை நோக்குக. மக்களும் உடனிருக்கின்றார்கள், சுற்றமும் உடனிருக்கின்றது. தலைவன் ஓரிடத்திலும் தலைவி ஓரிடத்திலும் இருந்து பயிலலாம் என்று ஆசிரியர் கூறவில்லை. இதனை ஏன் அழுத்திக் கூறுகின்றேன் என்பது பின்னர் விளங்கும்.

மூத்த இணையர் என்றவுடன் சைவர் உள்ளத்தில் முதலில் தோன்றுவோர் தில்லைத் திருநீலகண்டக் குயவனாரும் அவர் மனைவியாருமே ஆவர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணத்தில் தில்லைவாழந்தணர்க்கு அடுத்து வைக்கப்பெற்றது இவர் வரலாறு. அடியார்க்குத் திருவோடு வனைந்து வழங்குவது இவர் தொண்டு. இளமையில் இவர் பரத்தை ஒருத்தி மனை சென்று மீண்டார். அதனை அறிந்த மனைவியார், வீட்டுப் பணிகள் யாவும் குறைவறச் செய்தும், உடனுறைதற்கு மட்டும் இசையவில்லை. கணவர் அணுகியபொழுது, எம்மைத் தீண்டாதீர் என்று திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டார். எம்மை என்று பன்மையில் கூறியதனால் மாதர் எவரையும் மனத்தாலும் தீண்டேன் என்று நாயனார் உறுதி கொண்டார். பல்லாண்டுகள் கழிந்தன. இருவரும் மூத்துத் தளர்ந்தனர். அதுகாறும் அயலார் எவர்க்கும் அவர்தம் நிலை தெரியாது.

இவ்வரலாற்றைக் கூறும் சொற்பொழிவாளர் பெரும்பாலும் ஆணையையும், பின்னர்ச் சிவயோகியார் ஓடு கேட்டு வந்த நிகழ்ச்சியையும் விரித்துக் கூறி, இடையிலுள்ள ஆண்டுகளை ஒரே தொடரில் தாண்டி விடுவர். எனக்கோ அந்த இடைப்பட்ட ஆண்டுகளே பெரிதாகத் தோன்றுகின்றன. குயவர் மனை எத்துணைப் பெரிதாக இருந்திருக்கும்? மண் பிசையும் இடம், திரிகை, சூளை, வனைந்த கலங்கள் உலரும் முற்றம் ஆகியவை போக எஞ்சியது எவ்வளவு? அதற்குள் இருவர். அவர் கையிலிருந்து இவர் ஓட்டை வாங்க வேண்டும். இவர் கையிலிருந்து அவர் உணவை வாங்க வேண்டும். கையோடு கை படாமல் எல்லாம் நடந்தாக வேண்டும். ஒருவர் நோயுற்றால்? வெந்நீர் வைத்துக் கொடுத்திருப்பர். நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். சேக்கிழார் இவற்றை எல்லாம் கூறவில்லை. கூறாது நம் எண்ணத்திற்கு விட்டார். சினம் ஆறிப்போன பிறகும் சொல்லை மீறாமல் வாழ்ந்த அவ்விருவர்க்கும் இடையே வெறுப்பு இருந்திருக்குமாயின் அந்த மனை பல்லாண்டுகள் அடியார்க்கு ஓடு வழங்கியிருக்க முடியுமோ?

சிவயோகியார் ஓர் ஓட்டைக் கொடுத்து, அதனை மறையச் செய்து, திருப்பிக் கேட்ட கதையை நீங்கள் அறிவீர்கள். களவு செய்யவில்லை என்பதற்கு மகன் கையைப் பற்றி மூழ்கி ஆணை கூறுக என்றார். மகன் இல்லை என்றார் நாயனார். மனைவி கையைப் பற்றி மூழ்குக என்றார். அதற்கு இயைபு இல்லை என்றார் நாயனார். வழக்கு தில்லை அந்தணர் அவைக்குச் சென்றது. மூங்கில் தண்டின் ஒருமுனையைக் கணவரும் மறுமுனையை மனைவியாரும் பற்றிக்கொண்டு குளத்தில் இறங்கினர். கைபற்றி மூழ்குக என்று யோகியார் விடவில்லை. அப்பொழுதுதான் இளமைக்காலத்து நிகழ்ச்சி முழுவதையும் ஊரார் அறிய நாயனார் எடுத்துரைத்தார். மூழ்கி எழுந்தவர்கள் இளமை பெற்று எழுந்தனர். சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயில் என்னும் பெயரோடு அத்தலமும் குளமும் இன்றும் உள்ளன. தை விசாகத்தில் அன்பர்கள் நாயனாரின் குருபூசையைக் கொண்டாடுகின்றார்கள். அந்த மூங்கில் தண்டை எண்ணுந்தோறும் எனக்கு வியப்புத் தோன்றும். தொடவும் கூடாது, விடவும் கூடாது என்னும் நிலைக்கு அதனினும் பொருத்தமான கருவி வேறு எது?

இனித் திருக்கடவூருக்குச் செல்வோம். இன்று திருக்கடையூர் என வழங்கும் அத்தலம் 2020இல் தோன்றிய மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. அட்ட வீரட்டங்களுள் ஒன்று. மார்க்கண்டேயர் பொருட்டு இறைவன் கூற்றுவனை உதைத்த இடம். மூவர் முதலிகளும் பாடிய பதி. உயிர் கொள்ளும் கூற்றுவனே வீழ்ந்த இடம் ஆதலின் ஆயுள் வளர வேண்டுவோர் அங்குச் சென்று மணிவிழாவும் சதாபிஷேகமும் செய்துகொள்கின்றார்கள். முகூர்த்த நாள்களில் திருச்சுற்று முழுவதும் மாலையணிந்த முதியோரே நிறைந்திருப்பர். ஒரு பக்கம் மேளம். ஒரு பக்கம் மந்திரம். இடையில் தாத்தாவின் மாலையைப் பிடித்து இழுக்கும் பேரன். காணக் கண்கொள்ளாக் காட்சி அது.

அங்குச் செல்வோர் மார்க்கண்டேயரை நினைக்கின்றார்கள்; அபிராமி அம்மையை நினைக்கின்றார்கள். அவ்வூரில் வாழ்ந்த குங்குலியக் கலய நாயனாரின் மனைவியாரை நினைப்போர் எத்துணைப் பேர்? கலயர் நாள்தோறும் திருக்கோயிலில் குங்குலியப் புகையிடும் தொண்டர். வறுமை வந்தது. நிலத்தை விற்றார்; உள்ளன எல்லாம் விற்றார். மக்களும் சுற்றமும் பசித்திருந்தனர். அந்நிலையில் மனைவியார் தம் தாலியைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்து, இதற்கு நெல் வாங்கி வாருங்கள் என்றார். சென்றவர் எதிரே குங்குலியப் பொதி சுமந்து வந்த வணிகனைக் கண்டார். தாலியைக் கொடுத்துக் குங்குலியத்தைப் பெற்று நேரே கோயிலுக்குச் சென்றுவிட்டார். நெல் வரும் என்று காத்திருந்த அம்மையார் மக்களோடு பசியால் அயர்ந்து உறங்கினார். அன்றிரவு இறைவன் அருளால் வீடு நெல்லாலும் பொன்னாலும் நிறைந்தது. கனவில் உணர்த்தப் பெற்ற அம்மையார் எழுந்து கணவர்க்கு உணவு சமைத்தார். பசித்திருக்கின்றாய், வீடு சென்று பாலடிசில் உண்பாயாக என்று கலயரைப் பெருமானே அனுப்பி வைத்தார்.

திருநீலகண்டர் மனைவியார்க்கும் சேக்கிழார் பெயர் கூறவில்லை. கலயர் மனைவியார்க்கும் கூறவில்லை. மனைவியார் என்றே குறித்தார். ஆனால் ஒன்று கருதத்தக்கது. மணிவிழாவில் புதுத்தாலி அணிவிக்கும் வழக்கத்திற்குப் பேர்பெற்ற அதே ஊரில்தான், பிள்ளைகள் பசியாறும் பொருட்டு ஓர் அன்னை தாலியைக் கழற்றிக் கொடுத்தார். ஆதலின் புதுத்தாலிக்குப் பொன் வாங்கக் கடன்படுவோரைக் கண்டால் எனக்கு வருத்தம் உண்டாகின்றது. மண்டபம், விருந்து, பட்டு, பொன் எனப் பெருஞ்செலவு செய்துவிட்டு, அக்கடனைப் பெற்றோரின் ஓய்வூதியத்திலிருந்தே அடைக்கும் மக்களையும் பார்த்திருக்கின்றேன். மஞ்சள் கயிறு போதும். உள்ளூர்க் கோயிலில் ஓர் அருச்சனை போதும். திருக்கடவூர் செல்ல இயலாதவர்க்கு அக்கடவூர்ப் பெருமான் அவர்தம் ஊர்க் கோயிலிலும் இருக்கின்றான்.

விழா ஒரு நாள். மற்ற நாள்கள் எவ்வாறு கழிகின்றன என்பதைப் பற்றிச் சிறிது கூற விழைகின்றேன். எங்கள் மனையையே சான்று காட்டுவதைப் பொறுத்தருள்க. எனக்கு 70 கடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் திருமணம் நடந்து 50 ஆண்டுகள் நிறைந்தன. மனைவியார் விடியற்காலை ஐந்து மணிக்கு முன் எழுந்து வாயில் தெளிப்பார். முன்பு பதினைந்து புள்ளிக் கோலம் இட்டவர் இப்பொழுது ஐந்து புள்ளியோடு நிறுத்திக்கொள்கின்றார், குனிதல் இயலவில்லை. நான் பால் வாங்கி வருவேன். பிறகு மாத்திரைப் பெட்டி வரும். ஏழு நாளுக்கும் அறை வகுத்த அப்பெட்டியில் என் மாத்திரையை அவரும் அவர் மாத்திரையை நானும் இட்டு வைக்கின்றோம். தம்முடையதைத் தாமே இட்டுக்கொண்டால் மறதி நேர்கின்றது. பிறருடையது என்றால் கவனம் கூடுகின்றது. இதனைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பல மாதங்கள் ஆயின.

அவர்க்குச் செவிப்புலன் குறைந்துள்ளது. பெரிய எழுத்தாயினும் படித்தால் கண் வலிக்கின்றது. ஆகவே மாலையில் ஒரு தேவாரப் பதிகத்தை யான் உரத்துப் படிப்பேன். எதிர் வீட்டிற்குப் புதிதாகக் குடிவந்தவர், முதியவர் நாள்தோறும் மனைவியோடு சண்டையிடுகின்றார் என்று எண்ணி ஒருநாள் சமாதானம் செய்யவே வந்துவிட்டார். வந்தவர்க்கு மோர் கொடுத்து அமரச் செய்து மீதிப் பதிகத்தையும் படித்து முடித்தேன். இப்பொழுது அவரும் வெள்ளிக்கிழமைகளில் வருகின்றார்.

கோயிலுக்குச் சென்றால் படியேற அவரால் இயலாது. கொடிமரத்தின் அருகே ஒரு தூணில் சாய்ந்து அமர்ந்துகொள்வார். யான் உட்சென்று வழிபட்டுத் திருநீறு கொணர்ந்து கையில் கொடுப்பேன். உள்ளே என்ன அலங்காரம், எந்த நிறப் பட்டு, என்ன மாலை என்று கேட்பார். அவர்க்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே யான் உற்றுப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். 40 ஆண்டுகள் அதே திருமுன்பில் நின்றவன், அம்மையின் திருக்கரத்தில் இருக்கும் மலர் எது என்பதை இப்பொழுதுதான் நன்றாகப் பார்த்திருக்கின்றேன்.

இவையெல்லாம் சிறு செய்திகள். ஆனால் மூத்த இல்லறம் என்பது இத்தகைய சிறு செய்திகளால் ஆனதே. அப்பரடிகள் கயிலைக் காட்சி வேண்டி வடதிசை சென்று, உடல் தேய்ந்து, இறைவன் ஆணைப்படி அங்கே ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார். அங்கு அவர் கண்டவை எவை? பிடியோடு வரும் களிறு, பெடையோடு வரும் கோழி, அன்னம், மயில் என்று இணை இணையாக வரும் உயிர்களே. அவற்றையே சிவமும் சத்தியுமாகக் கண்டு பதிகம் பாடினார். ஆடி அமாவாசையன்று ஐயாற்றில் இதனைப் பெருவிழாவாகக் கொண்டாடுகின்றார்கள். தனித்து வாழ்ந்த துறவி ஒருவர்க்குக் கிடைத்த கயிலைக் காட்சி முழுவதும் இணைகளாகவே இருந்தது என்பது உன்னற்பாலது.

துணையை இழந்தோரும் இவ்வவையில் இருக்கின்றீர்கள். உங்களை மறந்து யான் பேசவில்லை. அப்பரடிகளை ஆளாக்கியவர், மணம் பேசப்பெற்றவர் போரில் மாண்டபின் தம்பிக்காக உயிர் தாங்கித் தனித்து வாழ்ந்த திலகவதியார். அவர் திருவதிகைத் திருக்கோயிலில் அலகிட்டு மெழுகிய கையால் அளித்த திருநீறே சைவத்திற்கு அப்பரைத் தந்தது. மங்கலச் சடங்கில் துணையிழந்த தாயைப் பின்னே நிறுத்தும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றது. பெற்ற தாயின் வாழ்த்து மங்கலம் அன்று என்று எந்தச் சைவ நூலும் எனக்குக் கற்பிக்கவில்லை.

இனி, முன்னர்க் குறிப்பிட்ட செய்திக்கு வருகின்றேன். எனக்கு அறிமுகமான முதியவர் ஒருவர். கூட்டுறவு அங்காடியில் எடை போடும் பணி செய்து ஓய்வு பெற்றவர். அவர்க்குச் சதாபிஷேகம் சிறப்பாக நடந்தது. ஊர் முழுவதும் வந்து வணங்கியது. நான்கு திங்களில் வீட்டை விற்றனர். தந்தை மூத்த மகனோடு சென்னைக்கும், தாய் இளைய மகனோடு கோயம்புத்தூருக்கும் என்று முடிவாயிற்று. மக்கள் இருவரும் கொடியவர் அல்லர். சிறிய வீடு, குழந்தைகளின் படிப்பு, இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பம். இருவரையும் ஒருவரே தாங்க இயலாது, ஆகவே ஆளுக்கு ஒருவர் என்று பகுத்துக்கொண்டனர். நிலத்தைப் பகுப்பதுபோல் பகுத்தனர் என்று யாரும் நினைக்கவில்லை. நியாயமான ஏற்பாடு என்றே நினைத்தனர். ஞாயிறுதோறும் கைபேசியில் பேச ஏற்பாடு செய்தனர். மருமகள் அருகிலிருக்க, பேரன் கைபேசியைப் பிடித்திருக்க, 58 ஆண்டுகள் உடன் வாழ்ந்தவர்கள் அவர்கள் முன்னே என்ன பேசுவார்கள்? சாப்பிட்டாயா என்று இவர் கேட்பார். சாப்பிட்டேன், நீங்கள் சாப்பிட்டீர்களா என்று அவர் கேட்பார். அவ்வளவே.

உறவினர் திருமணத்திற்காக ஊருக்கு வந்த அம்முதியவர் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, தம் மனைவிக்கு ஒரு மடல் எழுதித் தருமாறு கேட்டார். அவர்க்குக் கண்புரை; எழுத இயலாது. அம்மையார்க்கு எழுத்தறிவு இல்லை. பேத்திதான் படித்துக் காட்ட வேண்டும். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பூசைப் பெட்டியின் திறவுகோலை எங்கே வைத்தாய்? அங்கே குளிர் மிகுதியாமே, காதில் துணி கட்டிக்கொள்கிறாயா? இங்கே சாம்பாரில் புளி கூடுகிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை. முதுகில் மருந்து தேய்க்கக் கை எட்டவில்லை. இவ்வளவே மடல். கையெழுத்திடும் இடத்தில் பெருவிரல் நடுங்க ஒரு கோடு இட்டார். அகத்துறை நூல்களை 40 ஆண்டுகள் மாணவர்க்கு நடத்தியவன் யான். பிரிவின் துயரை இவ்வளவு சுருக்கமாக எங்கும் படித்ததில்லை.

மடலை அஞ்சலில் சேர்த்துவிட்டு மூத்த மகனிடமும் பேசினேன். தம்பி, உங்கள் தந்தைக்கு உணவும் மருந்தும் குறைவில்லை. அதில் குற்றம் காண மாட்டேன். ஆனால் விழாவன்று மணையில் இருவரையும் அருகருகே அமர்த்தி நீங்கள் நீர் சொரிந்தது எதற்கு என்று மட்டும் கேட்டேன். அவர் நெடுநேரம் விடை கூறவில்லை. உடன்பிறந்தார் இருவரும் கலந்து பேசி முடிவு செய்யச் சில திங்கள் ஆயின. இறுதியில் ஊரிலேயே, கோயிலின் வடக்கு வீதியில், படியேற வேண்டாத இரண்டு அறை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தனர். வாடகை மூத்தவர் பொறுப்பு. மருந்தும் உதவிக்கு வரும் அம்மாளின் ஊதியமும் இளையவர் பொறுப்பு. பெற்றோரைப் பங்கிடாமல் செலவைப் பங்கிட்டனர். அடுப்படியில் இப்பொழுது புளி அளவாகவே போடப்படுகின்றது என்று அம்முதியவர் என்னிடம் கூறினார். எல்லாக் குடும்பத்திற்கும் இவ்வழி பொருந்தும் என்று கூற மாட்டேன். தனித்து விடுவதற்கு அஞ்ச வேண்டிய உடல்நிலையும் உண்டு. அத்தகைய நிலையில் ஒரே மகன் வீட்டில் ஆறு திங்கள், மற்றவர் வீட்டில் ஆறு திங்கள் என்றாலும் இருவரும் சேர்ந்தே சென்று சேர்ந்தே திரும்பட்டும்.

சட்டத்தையும் ஒரு சொல் கூறிவிடுகின்றேன். கோயில் மண்டபத்தில் சட்டமா என்று வியக்க வேண்டா. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. பேணாத மக்கள்மீது முதியோர் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். தம்மைப் பேண வேண்டும் என்னும் நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, பெற்றவர் பேணத் தவறினால், அந்த ஆவணத்தைச் செல்லாது என அறிவிக்கக் கோரவும் அச்சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே எழுதிக் கொடுப்போர் அந்நிபந்தனையை ஆவணத்திலேயே தெளிவாக எழுதுவித்தல் நலம். அன்புள்ள மகன் அதற்கு வருந்த மாட்டான்.

பூசை மணி ஒலிக்கின்றது. இனி மாலை மாற்றும் நிகழ்ச்சியும் வாழ்த்துப் பெறுதலும் நடைபெறும். அமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூத்தோரை மேடைக்கு வருமாறு அழைக்க வேண்டா. ஏழு படிகள் இருக்கின்றன. அவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மக்களும் பேரப் பிள்ளைகளும் அவர்களிடம் சென்று வணங்குக. மாலை மாற்றும்பொழுது ஒளிப்படம் எடுப்போர் சற்று விலகி நிற்பாராக. முன்வரிசையில் மூன்றாம் இருக்கையில் உள்ள அம்மையார்க்குக் கணவர் முகம் தெரியவில்லை.

திருச்சிற்றம்பலம்.